சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்

இதை எழுத உட்காருவதும், நாலு வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருசம் போய்விட்டது. எழுத வராததால் மட்டுமல்ல. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்து அவ்வளவாக வராது என்பதும் உண்மைதான். ஆனால் எழுதினால் மனசு நோகிறவர்கள் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் எழுதச் சொல்லிவிட்டார். மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர் பேரை எழுதப் போவதில்லை. எங்கள் கடற்கரையில் பேர் தேவையும் இல்லை. என் தம்பி கடலில் கிடந்தபோது அதை என்னிடம் சொல்லாமல், மேற்கே ஒரு குளத்துக்கு என்னைக் கூட்டிப்போய்ப் பகல் முழுவதும் தூண்டில் போட வைத்தவர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அப்படி நடந்தது உண்மை. ஆனால் அதைச் சுற்றி ஊர் கட்டிய கதை உண்மையில்லை. அந்தக் கதையோடேதான் அவரைக் குழிக்குள் இறக்கினோம். அந்த நல்ல மனிதருடைய பேரை மீட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சின்ன வயசில் அவர் சங்கு குளித்தவர். கடலுக்கடியில் போய்ப் போய் ஒரு காது அடைத்துவிட்டது. காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் இல்லையா, இவர் அதற்குப் பயந்துகொண்டு மிகவும் தாழ்ந்த குரலில் பேசுவார். அந்தக் குரலுக்காகத்தான் ஊர் அவரை அந்த வேலைக்குப் பிடித்துக்கொண்டது. யாராவது கடலில் போய்விட்டால், கப்பலுக்குப் போனவன் எங்கேயாவது துறைமுகத்தில் இறந்துவிட்டால், அதைப் போய் அந்த வீட்டில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சொந்தக்காரனுக்கு வாய் வராது. பங்குச் சாமியார் போனால் உடுப்பைப் பார்த்ததுமே அலறிவிடுவார்கள். அதனால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் போய்ச் சொல்லி முடிக்கிறவரை கோயிலில் சாவு மணி அடிக்கமாட்டார்கள்.

அவர் போகிற விதம் ஒன்று உண்டு. மொபெட்டைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவார். உதடு மட்டும் அசைய ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்வார். பிறகு உள்ளே தலையை நீட்டி, எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்பார். “சாப்பிட்டாச்சா?”

சாப்பிடவில்லை என்றால் உட்கார்ந்துவிடுவார். மீன் விலை பேசுவார், மழை பேசுவார், எனக்கும் ஒரு வாய் போடு என்பார். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை விசயத்துக்கு வரவேமாட்டார். செய்தி விழுந்துவிட்டால் அடக்கம் முடிகிறவரை அடுப்பு எரியாது. கடலில் போன ஆளென்றால் அடக்கம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. “அழுறதுக்கும் வயித்துல ஏதாவது கெடக்கணும்லா” என்பார். என் அப்பா போன செய்தியும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. காணாமல் போன வேறொரு வள்ளத்தைத் தேடிப் போன இடத்தில் என் அப்பா போய்விட்டார். அன்றைக்கு எங்கள் அம்மாவைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் இவர் சொன்னாராம்.

இதனால் என்ன ஆயிற்றென்றால், எங்கள் பக்கம் அந்தக் கேள்வியை இவர் வாயிலிருந்து கேட்டாலே யார் போனது என்று வீட்டு ஆட்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் மறந்துபோய் “சாப்பிட்டாச்சா அக்கா?” என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவின் மூத்த மகன் அப்போது கப்பலில் இருந்தான். அந்த அம்மா அப்படியே சரிந்துவிட்டார். சோடா உடைத்து முகத்தில் தெளித்து, மகனுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்கவைத்த பிறகுதான் எழுந்தார். பந்தியே சிரித்தது. இவர் சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவரைப் பார்த்ததில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. செய்தி யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவேமாட்டார். யார் சொன்னது, எவன் பார்த்தான் என்று கேட்டு ஆட்கள் அவர் சட்டையைப் பிடிப்பார்கள். முதல் கோபம் சொன்னவன் மேல்தானே விழும். “சொன்னது நான், எங்கிட்ட கேளுங்க” என்பார். ஒருமுறை ஒருவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். கீழே விழுந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, அவனுக்குத் தண்ணி கொடுங்க என்றாராம்.

ஒரே ஒரு தடவைதான் அவர் தப்பாகச் சொன்னார். ஒரு பையன் போன வள்ளம் உடைந்து பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின. எல்லோரும் முடிந்தது என்றார்கள். இவரும் நம்பிப் போய் அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். இறந்தவர்களுக்கான பூசை வைத்தாயிற்று. அவன் சட்டைகளை எல்லாம் தானம் கொடுத்தாயிற்று. பிறகு ஒரு நாள், வழியில் போன கப்பல்காரர்கள் காப்பாற்றி அனுப்பி, அந்தப் பையன் நடந்து வந்து நின்றான். போட்டாவில் தனக்கே மாலை. ஊரெல்லாம் இனிப்பு. அவனுக்கு, வேதத்தில் செத்து எழுந்தவன் பேரான லாசர் என்று பட்டப்பேர் வைத்து இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் சிரிப்புதான். ஆனால் அவன் அப்பா மட்டும் மகன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுதுகொண்டே இருந்தார். வந்த பிள்ளையை அவரால் வந்ததாகவே எண்ண முடியவில்லை. சாகிறவரை அப்படித்தான் இருந்தார். நம் ஆள் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவர் எங்கே போய் மூச்சு விடுவார்? டீக்கடையில் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் குளத்தைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு மேற்கே, உப்பளங்களைத் தாண்டிப் போனால் ஆற்றுத் தண்ணி வந்து நிறைகிற குளம். குத்தகைக்காரர் அதில் கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் விட்டு வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டில்காரர்களைக் கரையில் உட்கார விடுவார். கடற்கரை ஆட்களுக்குக் குளத்து மீன் என்றால் இளப்பம், சேறு நாறும் என்பார்கள். அதனால் எங்கள் ஆட்கள் யாரும் அங்கே போவதில்லை. அங்கே இவரை யாருக்கும் தெரியாது. குளத்துக் காவல்காரர் “வாரும் கடல்கார அண்ணாச்சி, இன்னைக்காவது தக்கை முங்குறது கண்ணுக்குத் தெரியுமா?” என்று கேலி செய்வார். அந்தக் கேலிக்காகவே இவர் போனார் என்று நினைக்கிறேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் அப்போது டவுனுக்குள் குடியிருந்தேன். துறைமுகத்துச் சரக்கு ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா போனதும் அம்மா என்னைக் கடலில் இறங்கவே விடவில்லை. தம்பிதான் பிடிவாதம் பிடித்து இறங்கினான். அம்மாவும் தம்பி பெண்சாதியும் தம்பியோடு கரையில் இருந்தார்கள். சனிக்கிழமை மாலையில் எல்லா வள்ளமும் திரும்பிவிடும், ஞாயிறு கடலுக்குப் போகமாட்டோம். அந்தச் சனிக்கிழமை தம்பி வள்ளம் திரும்பவில்லை. இது எனக்குத் தெரியாது.

காலையில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், தெரு முனையில் மொபெட் நிற்கிற சத்தம். என் மனைவி வாசலில் கோலப்பொடியோடு நின்றவள் அவரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா மவளே, பயப்படாத. நான் ஒண்ணும் சொல்ல வரல” என்றார். “தூண்டி போட தொணைக்கு ஒரு ஆள் வேணும். இவன ஒரு பகலுக்குக் கடன் குடு.”

அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் கேள்வியைக் கேட்கவில்லையே, அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. என் மனைவிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அழைச்சுட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமையும் வண்டியத் தொடச்சிட்டுக் கெடக்காரு என்றாள்.

அந்தப் பகலைப் பற்றித்தான் எனக்கு எழுத வராமல் இருந்தது. ஏனென்றால் அது என் ஆயுசிலேயே நல்ல பகல்.

கல்யாணம் ஆனதிலிருந்து நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை. அங்கே கரையில் பனை நிழலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணிக்குள் விட்டேன். சின்னச் சின்ன மீன் வந்து காலைக் கொத்தியது. முக்குளிப்பான் பறவைகள் முங்கி முங்கி எழுந்தன. மைதா மாவோடு புண்ணாக்கு பிசைந்து அவர் உருண்டை பிடித்துக் கொடுப்பார், நான் முள்ளில் குத்தி வீசுவேன். பேச்சே இல்லை. கச்சான் காத்து மட்டும் மேற்கேயிருந்து நல்ல வேகமாக அடித்தது. அதே காத்து எங்கள் கரையில் வள்ளங்களைக் கடலுக்குள் தள்ளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது விசிறி மாதிரி சுகமாக இருந்தது.

குளத்துக்குள் போன் எடுக்காது. மடைப் பக்கம் மேட்டில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அவர் அடிக்கொரு தரம் எழுந்து மடைப் பக்கம் போய்விட்டு வந்தார். நான், என்ன மாமா, சர்க்கரை கூடிப்போச்சா, இப்படி ஒதுங்குதீயளே என்று கேட்டேன். ஆமா மருமவனே, ரொம்பக் கூடிப்போச்சு என்றார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் தக்கை ஒரே முங்காக முங்கியது. இழுத்தால் வரவில்லை. தூண்டிலின் தங்கூசு நரம்பு கையை அறுக்கிறது. நான் கத்துகிறேன், காவல்காரர் ஓடி வருகிறார், இவர் தண்ணிக்குள் வேட்டியோடு இறங்கி இரண்டு கையாலும் வாரிக் கரையில் போட்டார். என் முழங்கை நீளத்துக்கு ஒரு கட்லா. அது துள்ளின துள்ளில் நான் சேற்றில் விழுந்தேன். மூன்று பேரும் சிரித்தோம். கடல்காரனைக் குளத்து மீன் தள்ளிவிட்டது என்று காவல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த தண்ணி என்றுதான் நினைத்தேன்.

மூன்று கல்லைக் கூட்டி அவரே மீனைப் பொரித்தார். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்திருந்தார். இலையைப் போட்டு, எதுவும் கேட்காமல் பரிமாறினார். ஏன் மாமா, சாப்பிட்டாச்சான்னு கேக்கலியா என்று நான் வம்புக்கு இழுத்தேன். “இன்னைக்கு அதுக்கு லீவு” என்றார். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் இலையில் இருந்த சோற்றை எடுத்து எடுத்துத் தண்ணிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மீனுக்குப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே படுத்துத் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர் மடை மேட்டில் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் வரவில்லை. பிறகு இறங்கி வந்து இரண்டு தூண்டிலையும் சுற்றி வைத்தார். கையைக் கழுவினார். எனக்கு எதிரே வந்து நின்று செருப்பைக் கழற்றினார். அவர் உதடு அசைந்தது.

அந்த உதட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. அம்மாவா, பிள்ளைகளா என்று ஒவ்வொரு முகமாக ஓடியது.

“மருமவனே, தம்பி வள்ளம் நேத்து காத்துல கவுந்துட்டு. கூடப் போனவுக ரெண்டு பேரும் பொழச்சிட்டாவ. தம்பிய இப்பத்தான் எடுத்துருக்காவ. தம்பி இல்ல.”

எனக்கு அழுகை வரவில்லை. காலையிலேயே தெரியுமா என்றேன். வள்ளம் வரலைன்னு தெரியும் என்றார். ஊரே தேடப் போயிருக்குமே, நான் போகவேண்டாமா, கூடப் பிறந்தவன் போகாமல் வேறு யார் போவான், ஏன் சொல்லவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்தேன்.

“என்னன்னு சொல்ல? காணலன்னா? அது பாதிச் செய்தி. பாதிச் செய்திய ஒரு வீட்டுல கொண்டுபோய் வச்சவன் நான். அது என்ன செய்யும்னு பாத்துருக்கேன்.”

யார் சொல்லி இதைச் செய்தீர் என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

“செஞ்சது நான். எங்கிட்டதான் கேக்கணும்” என்றார்.

கரையில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். என் சட்டையில் குளத்துச் சேறு காய்ந்திருந்தது. கையில் பொரித்த மீன் வாசம். தம்பி பெண்சாதி என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

“கூடப் பொறந்தவன் தேடியிருந்தா வெரசா கெடச்சிருப்பாரு. அவரக் கூட்டிட்டுப் போயி மீனு தின்ன வச்சீராக்கும். நீரு ஒரு மனுசனா? இனி எங்க வாசல்ல வந்து நிக்காதீரும்.”

அவர், உள்ளே தம்பி தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கத்தில் குனிந்தார்கள் என்று நினைத்தேன். அவர் திரும்பி நடந்து போனார்.

அதற்குப் பிறகு கதை கிளம்பியது. தம்பியோடு வள்ளத்தில் பங்கு போட்டிருந்தவன், நான் போலீசுக்குப் போகாமல் இருக்க அவரை ஏவிவிட்டான் என்று ஒருவர் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலமே செத்தது தெரியும், மறைத்தார் என்று இன்னொருவர். குளத்தங்கரையில் இரண்டு பேரும் குடித்துக் கிடந்தோம் என்றுகூடச் சொன்னார்கள். வாய்க்கு வாய் ஒரு சொல் கூடியது. நானும் மறுத்துப் பேசவில்லை, எனக்கு என்ன தெரியும் மறுக்க? ஊர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. இப்போது செய்தியெல்லாம் போனில் படத்தோடு வந்துவிடுகிறது. பிள்ளை செத்துக் கிடக்கிற படத்தைத் தாய் அடுப்படியில் நின்றுகொண்டே பார்க்கிறாள். அவர் தனியாகக் குளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

எனக்கு வேறொரு பாரம். ஊரே கடலைச் சலித்துக்கொண்டிருந்தபோது நான் மீனோடு விழுந்து சிரித்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இது பாவமில்லையே, இதற்கு நான் என்ன மன்னிப்புக் கொடுக்க என்று சாமியார் சொன்னார். பாவமென்றாலாவது இறக்கி வைத்திருக்கலாம்.

பல வருசம் கழித்து அவர் படுத்த படுக்கையாகி இறந்தார். அவர் மனைவி என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். உடன்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு நான்தான் போய்ச் சொல்லவேண்டும், போனில் சொல்லக்கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தாராம். எனக்கு மனசில்லை. இருந்தாலும் போனேன். வண்டியைத் தெரு முனையில் நிறுத்தினேன், கால் தானாகவே அப்படி நின்றது. அந்தப் பெண் வாசலில் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் நடந்து வருவதையும் செருப்பைக் கழற்றுவதையும் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொடுத்து, தானும் நின்றபடியே தட்டில் இருந்ததை விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கண்ணே” என்றாள்.

சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் தூக்கினது எவ்வளவு பாரம் என்று என் நாக்குக்குத் தெரிந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

“நான்தான்யா கேட்டேன்” என்றார்கள். “விடியுறதுக்கு முன்னாடி அவர் வாசல்ல போய் நின்னேன். உங்கப்பா தேடப் போயித்தான போனாரு. சின்னவன் கடல்ல கெடக்கான், பெரியவனும் தேட எறங்கிருவான், தூரமா எங்கனயாவது கூட்டிட்டுப் போ தம்பின்னு கும்பிட்டேன். வாரேன் அக்கான்னாரு, வேற ஒண்ணும் கேக்கல. உன் தம்பி பொண்டாட்டி அவர ஏசுனப்ப என்னைய ஒரு பார்வ பாத்தாரு. நான் சொல்லியிருக்கணும். தலையக் குனிஞ்சிட்டேன்.”

தான் கண்ணை மூடுகிறவரை இது வெளியே போகக்கூடாது என்றார்கள். மருமகள் கையால்தானே கஞ்சி குடிக்கிறேன் என்றார்கள். ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோன காலையில் இன்னொரு பிள்ளையை ஒளித்து வைத்த தாயிடம் என்ன கேட்க? கோபம் யார் மேல் என்று தெரியாமலே எழுந்து வந்தேன். இன்றைக்கும் தெரியவில்லை. நான் போயிருந்தால் தம்பி உயிரோடு கிடைத்திருப்பானா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

போன தவக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். நினைவுப் பூசை முடிந்ததும் தம்பி பெண்சாதியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மடை மேடு, கட்லா மீன், என் சிரிப்பு, அம்மா கும்பிட்டது எல்லாம். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“அத்தான், அன்னைக்கு அவர் சாப்பிட்டாரா?” என்று கேட்டாள்.

இல்லை, சோற்றையெல்லாம் தண்ணிக்குள் போட்டார் என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதுங்க அத்தான், கூட்டாம குறைக்காம எழுதுங்க என்றாள்.

எழுதிவிட்டேன். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அவரைப் புனிதர் ஆக்கவேண்டாம், எங்கள் அம்மாவைக் குற்றவாளி ஆக்கவேண்டாம், நான் சிரித்ததை விட்டுவிடவும் வேண்டாம். ஏற்கெனவே கல்யாண வீடுகளை விட்டிருந்த ஒரு மனிதர், ஒரு சொல் கூடியதால்தான் சாவு வீடுகளும் இல்லாமல் குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சொல்லத் தொடங்கும் முன் கேட்கிறவர்கள் சாப்பிட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.